இரண்டு பூச்சு சுண்ணாம்பு

நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். முள்ளை வெட்டுவார்கள், சரிந்த மண்மேட்டைக் கூட்டி மெழுகுவார்கள், சிலுவைக்கும் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாயங்காலம் சாமியார் வந்து மந்திரிப்பார். சின்ன வயதில் எனக்கு அங்கே ஒரே வேலைதான். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் போக வேண்டும்.

எங்கள் குடும்பத்துக் கல் தெற்குச் சுவரோரம், வேப்பமரத்தடியில் நிற்கிறது. இடுப்பு உயரக் கருங்கல். அதில் ஏதோ எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் படித்ததில்லை. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்தின் பள்ளத்தை அடைத்துக்கொண்டு, கல்லையே ஒரு வெள்ளைப் பலகை ஆக்கியிருந்தது. நான் முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். கண்ணில் படுகிற போஸ்டர், பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படித்துவிடுவேன். என் சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் கல்லை மட்டும் வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

ஊர் சேத்துப்பட்டுக்குப் பக்கம். பழைய வட ஆற்காடு, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பெயர் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். தாத்தாவின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

வீட்டில் அவரைப் ‘பஸ்ராத் தாத்தா’ என்றுதான் சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப் போனார், பஸ்ராவில் செத்தார். அவ்வளவுதான் கதை. அதற்குச் சாட்சியாக அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளி மெடல் இருக்கிறது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறு பக்கம் குதிரைமேல் ஒரு ஆள். பிள்ளைகள் அதைக் ‘குதிரைக் காசு’ என்போம். போரில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு லட்சக்கணக்கில் கொடுத்த மெடல் அது. பெரிய வீரச் செயலுக்குத் தந்தது இல்லை. ஆனாலும் அதில் ஒரு அருமையான விஷயம் உண்டு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால், முகப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விளிம்பைப் படியுங்கள். தாத்தாவின் மெடலில் ஒரு எண், ‘சாப்பர்’ என்ற பதவி, பெயர், கடைசியில் ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ அதாவது இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது அவர்கள் வேலை. தலைமை இடம் பெங்களூர். அத்தை இன்னும் ‘சாப்பர்மைனா பட்டாளம்’ என்றுதான் சொல்கிறாள்.

எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் அந்தப் படைக்கு நிறையப் பேர் போனார்கள். ஊரில் கூலி, பட்டாளத்தில் சம்பளம். இதைச் சொல்லாமல் அந்தக் கல்லைப் பற்றிப் பேச முடியாது. ஏனென்றால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் 1950-க்கு முந்தைய குழிகளில் பெரும்பாலானவை வெறும் மண்மேடு. மரச் சிலுவை நட்டிருப்பார்கள், இரண்டு மழைக்காலத்தில் கறையான் தின்றுவிடும். கல் வைக்கக் காசு வேண்டும். பழைய கற்கள் மொத்தம் பதினொன்று. அதில் ஏழு பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக் கல். கல்லறையை மட்டும் வைத்து ஊர்ச் சரித்திரம் எழுதினால், பாதி ஊர் பட்டாளத்தில் இருந்தது என்று எழுதிவிடுவோம். இருந்தவர்கள் கல் வைத்தார்கள், மற்றவர்கள் மண்ணாகவே கிடக்கிறார்கள்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன்.

எடுப்பதற்கு மூன்று நாள் ஆனது. தண்ணீர், மென்மையான பிரஷ், முனையைச் சீவிய மூங்கில் குச்சி. வேறு எதுவும் தொடவில்லை. கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றும் கல்லுக்கு எமன். எழுத்து தெரியட்டும் என்று மாவு, சாக்பீஸ் தேய்ப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். எழுத்து தெரிய ஒரே ஒரு பொருள்தான் தேவை, பக்கவாட்டு வெளிச்சம். நேர் வெயிலில் ஒன்றும் தெரியாத கல், காலை ஏழு மணிக்குச் சாய்வான வெயில் பட்டதும் பேச ஆரம்பிக்கும். வேப்பமர நிழல் எனக்குத் தடங்கலாக இருந்ததால், அண்ணன் மகன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலைப் பக்கத்திலிருந்து கல்மேல் அடித்தான். இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பலன். ஒவ்வொரு கோணத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஒன்று கவனித்தேன். பக்கத்துக் கற்களிலும் சுண்ணாம்பு உண்டு. ஆனால் எங்கள் கல்லில்தான் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

எழுத்து வெளியே வந்ததும் முதலில் பார்த்தது வருஷத்தை. பழைய கல், அதனால் தமிழ் எண்கள். ௧௯௧ வரை சந்தேகமே இல்லை. கடைசி எண் பாதி அடைபட்டு, மேலே ஒரு வளைவும் கீழே ஒரு இழுப்புமாக இருந்தது. ௬ என்று வாசித்தேன். 1916. அப்பாவும் எப்போதோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார். 1916 என்றால் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், கூட் என்ற ஊரின் முற்றுகை. ஐந்து மாதம் பட்டினி கிடந்து ஏப்ரல் 29-ஆம் தேதி உள்ளே சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. எல்லாம் பொருந்துகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

பொருந்துகிறது என்று தோன்றும் இடத்தில்தான் பிழை உட்கார்ந்திருக்கும். அச்சகத்தில் இதை எத்தனை புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் காலை மறுபடி போனேன். மூங்கில் குச்சியால் இன்னும் கொஞ்சம் எடுத்ததும் இடது பக்கத்தில் ஒரு சுழி வெளிப்பட்டது. ௬ என்பது ‘சு’ மாதிரி இருக்கும். ௮ என்பது ‘அ’ மாதிரி. சுழி அடைபட்டுப் போனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். இது ௮. ௧௯௧௮, அக்டோபர் ௧௮. வயது ௨௭.

1918 அக்டோபரில் பஸ்ராவில் சண்டை இல்லை. பஸ்ரா 1914 நவம்பரிலேயே பிரிட்டிஷ் கைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இறந்திருக்கலாம் என்று நினைத்தேன். பஸ்ராவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் உண்டு. மெசபடோமியாவில் இறந்து, குழி எங்கே என்று தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. 1997-இல் சதாம் உசேன் உத்தரவால் அதை இருந்த இடத்திலிருந்து கழற்றி, 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் திரும்ப நிறுத்தினார்கள். அதன் சுவரில் இந்திய அதிகாரிகளின் பெயர் உண்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர் செதுக்கப்படவில்லை. படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். இந்த வேற்றுமைக்கு 2021-இல், போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே மன்னிப்புக் கேட்டது. எங்கள் பக்கத்து ஊர்ச் சாவடிச் சுவரிலும் அப்படி ஒரு பலகை இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். பெயர் கிடையாது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பெயரை எழுத எவ்வளவு இடம் ஆகிவிடப்போகிறது?

நல்ல வேளையாகச் செதுக்காத பெயர்களும் ஆணையத்தின் பதிவேட்டில் உண்டு. இணையத்தில் யாரும் தேடலாம். பெயரைப் போட்டுத் தேடினால் நம்மவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முத்து என்ற பெயரையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் மெடல் விளிம்பில் இருந்த எண்ணைப் போட்டேன். ஒரே ஒருவர் வந்தார். அதே படை, அதே எண், ஊர்ப் பெயர் சிதைந்து கிடந்தாலும் வட ஆற்காடு என்பது தெளிவு. இறந்த தேதி 18 அக்டோபர் 1918. ஆனால் நினைவிடம் பஸ்ரா இல்லை. டெல்லி நினைவுச் சின்னம், அதாவது இந்தியா கேட்.

1994-இல் அச்சகத்து ஆட்களோடு டெல்லிக்குச் சுற்றுலா போனபோது அதன் கீழே அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அங்கே 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் அவர் எங்கே இறந்தார்? எங்கள் ஊர்க் கல்லுக்கு அடியில் அவர் இருக்கிறாரா, இல்லை அது வெறும் நினைவுக் கல்லா? திரும்பவும் கல்லிடம் போனேன்.

படையின் பெயரைக் கல்லில் ‘குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்று முழுசாகச் செதுக்கியிருந்தார்கள். மெடலில் ‘மெட்ராஸ்’ இல்லை, கல்லில் இருக்கிறது. முதலில் இது ஊர்ப்பேச்சு வழக்கம் என்றே விட்டுவிட்டேன். ஆனால் வரிசை மாறாமல் இப்படி முழுப் பெயரையும் ஊர்க் கல்தச்சர் தானாகச் செதுக்கமாட்டார், யாரோ தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தால், அந்தப் படை அந்தப் பெயரைப் பெற்றது 1923-இல். போர்க் காலத்தில் அதன் பெயர் மெடலில் உள்ளதுதான். ஆகக் கல், சாவுக்கு நாலு வருஷமாவது கழித்து வைத்தது. எழுதிக் கொடுத்தவர் படைக்குள்ளேயே இருந்தவர். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர்தான் உண்டு, பஸ்ராத் தாத்தாவின் தம்பி, சின்னத் தாத்தா. அவரும் சாப்பர். அண்ணன் விட்டுப்போன நாலு வயசுப் பையனைத் தூக்கி வளர்த்தவர். அந்தப் பையன்தான் என் தாத்தா.

இந்த மாதிரிப் பெயர் மாற்றங்கள் கல்லின் வயதைக் காட்டிக் கொடுக்கும். ‘ஜமேதார்’ என்ற பதவியை இப்போதைய இந்தியப் படையில் ‘நாயப் சுபேதார்’ என்கிறார்கள். ஆகவே ஜமேதார் என்று செதுக்கிய கல் பழையது. தும்பிக்கை போட்ட பழைய ‘னை’, ‘லை’ எழுத்து இருந்தால், அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. நம் ஊர்க் கல்லறைகளுக்கு இந்தச் சீர்திருத்தம் ஒரு நல்ல எல்லைக்கோடு.

கல் மண்ணில் இறங்கியிருப்பதை அண்ணன் மகன்தான் கவனித்தான். “அத்தை, கீழ ஒரு வரியோட தலை தெரியுது.” மண்ணைக் கையால் தள்ளினோம். ஒரு சாண் ஆழத்தில் மூன்று வரிகள் புதைந்திருந்தன. அங்கே சுண்ணாம்பே படவில்லை, நேற்றுச் செதுக்கியது மாதிரி கூர்மை.

இவர் மனைவி, பெயர், அதே வருஷம் அக்டோபர் ௨௭. மகள், வயது ௧, அக்டோபர் ௩௦. கடைசி வரியில் ‘மூவரும் இங்கே இளைப்பாறுகிறார்கள்’.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு செய்த காரியத்தை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு கல்லைப் படித்தால் போதாது, வரிசையைப் படிக்க வேண்டும். எங்கள் கல்லுக்கு இடப் பக்கம் ஒரு கல், 1918 அக்டோபர். வலப் பக்கம் இரண்டு தள்ளி ஒரு கல், 1918 நவம்பர். நடுவே கல்லில்லாத மேடுகள், நெருக்கி நெருக்கி, ஒன்றின் கால் மாட்டில் ஒன்றாக. தோட்டத்தின் வேறெந்த மூலையிலும் குழிகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை.

பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்கிறது. எங்கள் பக்கம் பிரெஞ்சுச் சாமியார்கள் வேலை செய்த பகுதி, பதிவு லத்தீனில். பங்குச் சாமியார் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். வழக்கமாக ஒரு பக்கத்தில் நாலைந்து மாதம் அடங்கிவிடும். 1918 அக்டோபருக்கு மட்டும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகிறது. கையெழுத்தும் வரவரக் கோணிக்கொண்டே போகிறது. எழுதினவருக்கும் காய்ச்சலோ என்னவோ. தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘மிலெஸ்’, அதாவது படைவீரன். காரணம் ‘ஃபெப்ரிஸ்’, காய்ச்சல். அடக்கம் 19-ஆம் தேதி. அவருக்குக் கீழே வரிசையாக ஃபெப்ரிஸ், ஃபெப்ரிஸ், ஃபெப்ரிஸ்.

அந்த வருஷத்து இன்ஃபுளுயன்சா. ஜூனில் பம்பாயில் தொடங்கி, செப்டம்பருக்கு மேல் கொடூரமாகத் திரும்பி வந்து, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிரை எடுத்தது. கிழவர்களையும் குழந்தைகளையும் விட, இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை அது அதிகமாகத் தேடிப் பிடித்தது. துருப்புக் கப்பலிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போனது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருந்தபோது இறந்தவர்கள் எல்லோரும், குண்டில் இறந்தாலும் நோயில் இறந்தாலும், போரில் இறந்தவர் என்றே ஆணையத்தின் கணக்கு. அதனால்தான் தாத்தாவின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் பஸ்ராவுக்குப் போனது உண்மை. உயிரோடு திரும்பியதும் உண்மை. லீவில் வீட்டுக்கு வந்து, தன் வீட்டிலேயே இறந்தார்.

அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. போட்டோக்களை எடுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாத்துக்குடி இப்ப அதையெல்லாம் தோண்டற?”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?”

ரொம்ப நேரம் பதில் இல்லை. மெடலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

“சின்னத் தாத்தா எங்க அம்மாகிட்ட ஒரு தடவ சொல்லியிருக்காரு. பட்டாளத்துக்காரன் கொண்டாந்த காய்ச்சல்னு ஊர்ல பேச்சாயிடுச்சாம். ஊரே அழுதுனு கெடக்கறப்ப யார் மேலயாவது பழி போடணும் இல்ல? அப்பன் கொண்டாந்த சீக்குல ஆத்தாளும் பாப்பாவும் போயிட்டாங்கன்னு அந்தப் புள்ள காதுல விழக்கூடாதுன்னு, உங்கப்பன் பஸ்ராவுல சண்டையில செத்தான்டான்னு சொல்லி வளத்தாரு.”

காய்ச்சல் அவரோடுதான் வந்ததா என்பதற்கு எந்தக் கல்லிலும் எந்தப் பதிவேட்டிலும் ஆதாரம் இல்லை. அடக்கப் பதிவேட்டில் அவருக்கு முன்னாலேயே, அக்டோபர் முதல் வாரத்திலேயே ஐந்து பேர் காய்ச்சலில் போயிருக்கிறார்கள். இதை அத்தையிடம் இரண்டு தடவை சொன்னேன். அவளுக்கு முழுசாகப் புரியட்டும் என்று தேதிகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். நூறு வருஷம் கழித்தாவது அந்தப் பழி அவர் மேலிருந்து இறங்க வேண்டும்.

“சின்னத் தாத்தா வாயால ஒண்ணு சொல்லிட்டு, கல்லுல வேற செதுக்கி வெச்சிருக்காரே அத்தை?”

“கல்லுல பொய் எழுதக்கூடாதுடி. கோயில் நெலம்.”

“தாத்தா அதைப் படிக்கவே இல்லையா? படிக்கத் தெரியாதா அவருக்கு?”

“யாரு, எங்கப்பாவுக்கா? மிஷன் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவரு. பூசையில வாசகம் வாசிக்கிறது அவர்தான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தக் கல்லுக்கு மட்டும் யாரையும் சுண்ணாம்பு அடிக்க உடமாட்டாரு. உங்கப்பன் கேட்டாக்கூட பிரஷ்ஷத் தரமாட்டாரு. அவரே அடிப்பாரு. காஞ்சதும் இன்னொரு பூச்சு அடிப்பாரு. காலால மண்ணத் தள்ளி அடியில அணைச்சு விடுவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.”

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அவளுக்குக் கண் இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. கல்லின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் சுண்ணாம்பு அடித்தோம், முகத்தை அப்படியே விட்டோம். அடியில் மண்ணைத் தள்ளி, திரும்ப மூடாதபடி நாலு செங்கல் பதித்திருந்தோம். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள். கீழே இருந்து மூன்றாவது வரியில் விரல் நின்றது. அவள் அப்பா தன் முதல் பெண்ணுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார்.

“இது என் பேருடி,” என்றாள்.